பூங்காவான சுரங்கமும் புழுதியான சுரங்கமும்

(பண்டிதர் அயோத்திதாசர் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பண்டிதரின் பெயரால் நடக்கிற சொற்பொழிவுக்கு ஒரு பூங்காவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அழைப்பிதழ் அச்சுக்குப் போகும்முன் அமைப்பாளர்கள் ஒருமுறை தொலைபேசியில் கேட்டுவிட்டார்கள்: "அய்யா, தலைப்பு இதுதானா? இங்கிலாந்தில் இருக்கிற ஒரு மலைப் பூங்காவுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" சம்பந்தம் இருக்கிறது. அது கோலார் தங்கவயல் வழியாகப் போகிறது. பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு உறுதியான கிளை மாரிகுப்பத்தில்தான் இருந்தது என்பதை இங்கே யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த மாரிகுப்பத்து மண்ணைத் தோண்டிய கம்பெனி எந்த மண்ணிலே தொழில் பழகியதோ, அந்த மண்ணைப் பார்க்கத்தான் நான் போனேன்.

முதலில் அந்த ஊர்ப் பேச்சில் 'கண்ட்ரி பார்க்' என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். நம் ஊர்ப் பூங்கா என்றால் கம்பிவேலி, காவலாளி, சிமெண்ட் பெஞ்சு, சாயந்தரம் மணி அடித்தால் வெளியேற்றம். இது வேறு. 1968இல் பிரிட்டனில் கிராமப்புறச் சட்டம் ஒன்று வந்தது. நகரத்துக்குப் பக்கத்தில், சொந்தமாகத் தோட்டமோ நிலமோ இல்லாத மக்கள் வந்து நடக்கவும் உட்காரவும் உள்ளாட்சி அமைப்புகள் திறந்த வெளிகளை ஏற்படுத்தி நடத்தலாம் என்று அந்தச் சட்டம் வழி செய்தது. அப்படி வந்தவைதான் இந்தப் பூங்காக்கள். பலவும் மூடிப்போன சுரங்கங்களின் மேல் அமைந்தவை. நிலக்கரி தோண்டிய இடம், தகரம் தோண்டிய இடம், கல் உடைத்த இடம். இன்று அங்கே நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கிறார்கள், பட்டம் விடுகிறார்கள்.

நான் போனது கிட் ஹில் என்னும் மலை. கார்ன்வாலின் கிழக்கு ஓரத்தில், காலிங்டன் என்ற சிறிய ஊருக்கு மேலே, 334 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. நம் கணக்கில் அது மலையே இல்லை, குன்று. ஆனால் சுற்றிலும் வேறு உயரம் இல்லாததால் அங்கே நின்றால் கிழக்கே டார்ட்மூர், மேற்கே பாட்மின் மூர், தெற்கே பிளிமத் துறைமுகம் வரை தெரிகிறது. ஆகஸ்ட் மாதம். ஹெதர் என்கிற குறுஞ்செடி மலை முழுக்க ஊதாவாகப் பூத்திருந்தது. குழந்தைகள் பாறைமேல் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் என்னை 'எந்த ஊர், எந்தத் தெரு' என்று கேட்கவில்லை. ஒரு பாதையில் நடக்கும்போது அந்தக் கேள்வி வரும் என்று எதிர்பார்த்தே நடக்கிற உடம்பு நம்முடையது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இதைப் பெரிதுபடுத்தவில்லை, சொல்லிவிட்டுப் போகிறேன். அங்கேயும் நிறத்தைப் பார்த்துக் கேள்வி கேட்கிறவர்கள் உண்டு.

மலையுச்சியில் ஒரு புகைபோக்கி நிற்கிறது. 1858இல் சுரங்க எஞ்சினுக்காகக் கட்டியது, ஏறக்குறைய 24 மீட்டர் உயரம். வெறும் புகை போவதற்கான கோபுரத்தை நினைவுத்தூண் மாதிரி அலங்காரமாகக் கட்டியிருக்கிறார்கள். ஏனென்றால் அது பல மைல் தூரத்துக்குத் தெரியும். தரையில் வேலி போட்ட குழிகள், மூடிய சுரங்க வாய்கள், கருங்கல் வெட்டிய பெரிய பள்ளத்தில் தேங்கி நிற்கும் கரிய தண்ணீர், கல்லைக் கீழே இறக்கிய சரிவுத் தடம். தகரம், செம்பு, டங்ஸ்டன், ஆர்செனிக் எல்லாம் இந்த மலையிலிருந்தும் இதைச் சுற்றியிருக்கிற டேமர் ஆற்றுப் பள்ளத்தாக்கிலிருந்தும் வந்தவை. ஆர்செனிக் என்றால் பாஷாணம். பக்கத்திலே டெவன் கிரேட் கன்சோல்ஸ் என்ற சுரங்கம் செம்புக்குப் பேர்போனது. செம்பு குறைந்ததும் அதே சுரங்கம் பாஷாணத்துக்குப் பேர்போனது. தாதுவைச் சூளையில் வறுத்து, புகையை நீண்ட கல் அறைகளில் குளிரவைத்து, சுவரில் படியும் வெள்ளைப் பொடியை ஆட்கள் உள்ளே போய்ச் சுரண்டி எடுத்தார்கள். மூக்கில் பஞ்சு அடைத்துக்கொண்டு, தோலில் களிமண் பூசிக்கொண்டு. தரைமேல் தாதுக்கல்லைச் சுத்தியலால் உடைத்துத் தரம் பிரித்தவர்கள் பெண்களும் சிறுமிகளும். அவர்களுக்கு அந்த ஊரில் 'பால் மெய்டன்' என்று பெயர். 'பால்' என்றால் பழைய கார்னிஷ் மொழியில் சுரங்கம். இந்த வட்டாரத்துச் சுரங்க நிலப்பரப்பு 2006இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது.

புகைபோக்கியைச் சுற்றி ஐந்து மூலைகளோடு ஒரு கரை ஓடுகிறது. ஏதோ பழங்காலக் கோட்டையின் அடித்தளம் போலத் தோன்றும். அது போலிக் கோட்டை. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பக்கத்து வைட்ஃபோர்ட் மாளிகையில் வாழ்ந்த சர் ஜான் கோல் என்பவர், தன் வீட்டிலிருந்து பார்த்தால் மலையுச்சியில் ஒரு பழைய கோட்டை தெரியவேண்டும் என்று ஆசைப்பட்டுக் கட்டியது. பணக்காரனின் வேடிக்கை. ஆனால் அந்த ஜான் கோல் யார் தெரியுமா? சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளர். 1760-61இல் புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்த முற்றுகையில் இருந்தவர். சோழமண்டலக் கரையில் உண்மையான கோட்டைகளைக் கட்டியும் இடித்தும் சேர்த்த பணத்தோடு 1770 வாக்கில் ஊர் திரும்பி, நிலம் வாங்கி, காலிங்டன் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராகி, கடைசியில் பொழுதுபோக்குக்கு ஒரு பொய்க்கோட்டை. அந்த மலைக்கு ஏறுகிறவர்களில் எத்தனை பேர் தாங்கள் நம் கடற்கரைக் காசின்மேல் கால் வைக்கிறோம் என்று நினைப்பார்கள்? நான் நினைத்தேன். உட்கார்ந்து கொண்டுபோன சப்பாத்தியைத் தின்றேன்.

இந்த மலை அரச குடும்பத்து டச்சி எஸ்டேட்டுக்குச் சொந்தமாக இருந்தது. 1985இல், அப்போது கார்ன்வால் கோமகனாக இருந்த இளவரசர் சார்லஸ், தன் மூத்த மகன் பிறந்ததன் நினைவாக இதைக் கவுன்டி கவுன்சிலுக்குக் கொடுத்தார். அப்படித்தான் இது மக்கள் பூங்காவானது. பிள்ளை பிறந்த சந்தோஷத்தில் மலையைக் கொடுக்கிறார்கள். கொடுத்ததைக் குறை சொல்லவில்லை. கொடுக்கும் அளவுக்கு மலை அவர்கள் கையில் எப்படி வந்தது என்று மட்டும் கேட்டுவைப்போம்.

இனித் தங்கவயல். கிட் ஹில்லிலிருந்து கிழக்கே டேமர் ஆற்றைத் தாண்டினால் டாவிஸ்டாக் என்று ஒரு நகரம். அதற்குப் பக்கத்தில் வீல் ஃபிரெண்ட்ஷிப் என்ற செம்புச் சுரங்கம். 1798இல் அந்தச் சுரங்கத்துக்கு மேலாளராக வந்தவர் ஜான் டெய்லர். வயது 19. டாவிஸ்டாக்கையும் டேமர் ஆற்றையும் இணைக்கிற கால்வாயை வெட்டி, அதற்காக ஒரு குன்றைக் குடைந்து சுரங்கப்பாதை போட்டவரும் அவர்தான். 1817இல் அது முடிந்தது. அவர் மகன்களோடு சேர்ந்து வளர்த்ததுதான் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ். 1880இல் மைசூர் சமஸ்தானத்தில் தங்கச் சுரங்கத்தின் நிர்வாகத்தை எடுத்த அதே லண்டன் கம்பெனி. அப்போது முதலாம் ஜான் டெய்லர் உயிரோடில்லை. ஆனால் டேமர் பள்ளத்தாக்கில் பழகிய கணக்கு, எஞ்சின், மேற்பார்வை முறை எல்லாம் கப்பல் ஏறின. கார்ன்வாலில் செம்பும் தகரமும் விலை சரிந்து சுரங்கங்கள் மூடிக்கொண்டிருந்த காலம். அங்கே வேலை இழந்த கார்னிஷ் சுரங்கத் தொழிலாளர்கள் உலகம் முழுக்கப் பரவினார்கள். சிலர் தங்கவயலுக்கு வந்தார்கள். ஊரில் அவன் கூலிக்காரன். இங்கே வந்து இறங்கியதும் அவன் துரை. பங்களா, கிளப், கோல்ஃப் மைதானம். தங்கவயலுக்குக் 'குட்டி இங்கிலாந்து' என்றே பெயர் வைத்தார்கள்.

துரைகளுக்குக் கீழே யார்? வடாற்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து போன நம் ஜனம். 1876 முதல் 78 வரை நடந்த தாது வருஷப் பஞ்சம் ஊரைக் காலி செய்தது. பஞ்சம் இல்லாத வருஷத்திலும் பண்ணையடிமை வாழ்க்கை இருந்தது. கங்காணி வந்து முன்பணம் கொடுத்ததும் மூட்டை கட்டினார்கள். அங்கே தட்டிக் குடிசையில் கூலி லைன்களில் குடியேறினார்கள். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரக் கம்பி போட்டுத் தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது, பெங்களூருக்கே வருவதற்கு முன்னால். அது எஞ்சினுக்கு வந்த மின்சாரம். தட்டிக் குடிசைக்கு வந்ததாக நினைத்துவிடாதீர்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். அழுத்தம் தாங்காமல் பாறை தானாக வெடிக்கும். ராக் பர்ஸ்ட் என்ற சொல் தங்கவயலில் படிக்காத கிழவிக்கும் தெரிந்த இங்கிலீஷ்.

ஆனால் தங்கவயலை வெறும் துன்பக் கதையாகச் சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துவராது. தோழர்களே, கிராமத்துச் சேரியில் கிடைக்காத ஒன்று அங்கே கிடைத்தது: கையில் காசாகக் கூலி, மேலே ஆண்டை இல்லாத சாயங்காலம். அந்தச் சாயங்காலத்தில் என்ன செய்தார்கள்? சங்கம் வைத்தார்கள். பள்ளிக்கூடம் வைத்தார்கள். 1907இல் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கியபோது அதைக் காசு கொடுத்து வாங்கி, கூட்டமாக உட்கார்ந்து படிக்கக் கேட்டு, எழுதி, நிதி கொடுத்துத் தாங்கியவர்கள் தங்கவயல்காரர்கள். 1914இல் பண்டிதர் மறைந்தார். அவர் எழுத்து நமக்குக் கிடைத்ததே தங்கவயலின் சித்தார்த்தா புத்தகசாலை அச்சிட்டு வைத்ததால்தான். 1926இல் 'தமிழன்' மறுபடியும் உயிர் பெற்றதும் அங்கேதான், ஜி. அப்பாதுரையார் ஆசிரியராக. பூமிக்குக் கீழே பகல் முழுக்கப் பாறையைத் துளைத்துவிட்டு வந்தவன் ராத்திரி புத்தரின் சரித்திரத்தைக் கேட்டான். கல்லூரியில் தமிழ் நவீனத்துவத்தின் வரலாறு படிக்கிற மாணவர்கள் இந்த இடத்தைத் தங்கள் பாடப்புத்தகத்தில் தேடிப் பார்க்கட்டும்.

அடங்கியும் போகவில்லை. 1930இல் எல்லாத் தொழிலாளர்களும் கைரேகை வைத்துப் பதிந்துகொள்ள வேண்டும் என்று கம்பெனி சொன்னது. ரேகை என்றால் குற்றப்பரம்பரை, ரேகை என்றால் போலீஸ் என்று நம் மக்களுக்குத் தெரியும். ஒட்டுமொத்தமாக வேலையை நிறுத்தினார்கள், மூன்று வாரம். 1946 நவம்பர் 4 அன்று போலீஸ் சுட்டதில் 6 தொழிலாளர்கள் இறந்தார்கள். 1954இல் அண்ணல் அம்பேத்கர் தங்கவயலுக்கு வந்தார். 1956இல் சுரங்கம் மைசூர் அரசின் கைக்கும், பிறகு மத்திய அரசின் கைக்கும் போய், 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனமானது. 2001 பிப்ரவரி 28 அன்று மூடினார்கள். 120 வருஷம். ஏறத்தாழ 800 டன் தங்கம்.

தங்கம் போய்விட்டது. மிச்சம் அங்கேயே இருக்கிறது. ஊர்க்காரர்கள் 'சயனைடு மலை' என்பார்கள். 3 கோடி டன்னுக்கு மேல். அது எப்படி உண்டானது என்று மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பாறையை மாவுபோல அரைப்பார்கள். சயனைடு கரைசல் ஊற்றினால் மாவிலுள்ள தங்கம் அதில் கரையும். கரைசலை வடித்துக்கொண்டு மாவைக் கொட்டுவார்கள். ஒரு டன் மாவுக்குச் சில கிராம் தங்கம், மற்றதெல்லாம் குப்பை. வருஷம் போகப் போகக் குப்பை மலையானது. சயனைடு வெயிலில் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்துவிடும். சிலிக்கா சிதையாது. கந்தகம் கலந்த தாது மழையில் நனைந்தால் அமிலம் கசியும். ஆடி மாதக் காற்றில் மேட்டின் தலையிலிருந்து மாவு கிளம்பி லைன் வீடுகளுக்குள் வரும், சோற்றில் விழும், குழந்தையின் மூக்கில் போகும். பூமிக்கடியில் அப்பன் சுவாசித்த தூசியைப் பூமிக்கு மேலே பேரன் சுவாசிக்கிறான். இந்த மேடுகளில் சினிமாக்காரர்கள் வந்து பாலைவனம் எடுப்பார்கள், சண்டை எடுப்பார்கள். 'தங்கலான்' வந்த பிறகு கொஞ்சம் பேர் அந்த ஊரில் யார் வாழ்கிறார்கள் என்றும் கேட்டார்கள்.

கிட் ஹில் போய்வந்த சில மாதம் கழித்து மாரிகுப்பம் போனேன். ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி ஒருவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, கைபேசியில் படங்களைக் காட்டினேன். புகைபோக்கியைப் பார்த்தார். "நம்ம ஊரு ஷாப்டுல இருக்கற மாதிரியே கீது" என்றார். அடுத்த படத்தில் மலைச்சரிவு. பெரிதாக்கச் சொன்னார். கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். "இதுவும் சுரங்கம் தோண்டுன எடந்தானா? அப்பறம் இதுல புல்லு எப்படிப்பா புடிச்சிது?"

உள்ளேயிருந்து அவர் மனைவி, "கேட்டுட்டு வந்து இங்க நட்டுடப் போறாரு" என்றார்.

அந்தக் கேள்விக்குத் திண்ணையில் என்னால் முழுசாகப் பதில் சொல்ல முடியவில்லை. தேடித் தெரிந்துகொண்டதை இங்கே சொல்கிறேன்.

கிட் ஹில்லைப் பொறுத்தவரை, பெரும்பகுதிப் புல் தானாகவே பிடித்தது. சுரங்கம் நின்று நூறு வருஷம் ஆகிறது. அது கருங்கல் மேட்டு நிலம், ஈரக் காற்று, ஹெதரும் முட்புதரும் தாமாகத் திரும்பி வந்தன. ஆனால் அந்தப் பள்ளத்தாக்கிலேயே பாஷாணம் வறுத்த இடங்களில் இன்றுகூடப் புல் முளைக்காத குவியல்கள் நிற்கின்றன. வெள்ளைக்காரன் நாட்டில் விஷம் மென்மையானது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

நிலக்கரிப் பகுதிகளில் புல்லைப் பிடிக்கவைத்தார்கள். குவியலின் சரிவைக் குறைப்பது, தண்ணீர் வடியக் கால்வாய் வெட்டுவது, அமிலத்தை முறிக்கச் சுண்ணாம்பு போடுவது, மேலே மண் பரப்புவது, முதலில் புல், பிறகு மரம். வித்தை எதுவும் இல்லை. மண்ணள்ளும் எந்திரமும் அரசாங்கப் பணமும் போதும். சரி, பணம் எப்படி வந்தது? இங்கேதான் நான் உங்களைக் கார்ன்வாலிலிருந்து வேல்ஸுக்குக் கூட்டிப்போக வேண்டியிருக்கிறது.

அபர்ஃபான். தெற்கு வேல்ஸில் ஒரு சுரங்கக் கிராமம். 1966 அக்டோபர் 21, காலை 9.15 மணி. மலைமேல் கொட்டியிருந்த நிலக்கரிக் கழிவு, மழையில் ஊறி, சரிந்து, பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்தது. 144 பேர் இறந்தார்கள். அதில் 116 பேர் குழந்தைகள். ஊற்றுத் தண்ணீரின் மேலேயே கழிவைக் கொட்டிவந்திருந்தார்கள். ஆபத்து என்று ஊர்க்காரர்கள் முன்பே எழுதிக் கொடுத்திருந்தார்கள். மரண விசாரணையில், தன் பிள்ளை இறந்த காரணத்தை மூச்சுத்திணறல் என்று வாசித்தபோது ஒரு தகப்பன் எழுந்து மறுத்தார். தேசிய நிலக்கரி வாரியம் உயிரோடு புதைத்தது என்று எழுதச் சொன்னார். விசாரணைக் குழுவும் 1967இல் வாரியத்தைத்தான் குற்றம் சொன்னது.

அதற்குப் பிறகும் மிச்சக் குவியல்களை அகற்ற அரசு தயங்கியது. ஆபத்தில்லை என்றது. செலவு அதிகம் என்றது. பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் கழிவுச் சேற்றை மூட்டையில் கட்டி எடுத்துக்கொண்டு கார்டிஃப் நகரில் இருந்த அரசு அலுவலகத்துக்குப் போய் உள்ளேயே கொட்டினார்கள். அதன்பிறகுதான் வேலை நடந்தது. அப்போதும் என்ன செய்தார்கள் தெரியுமா? உலகமெங்கும் இருந்து அந்த ஊருக்கு வந்த நிவாரண நிதியிலிருந்தே 1,50,000 பவுண்டை அகற்றும் செலவுக்கு வாங்கிக்கொண்டார்கள். செத்த பிள்ளைகளின் பேரில் வந்த காசில், கொன்ற குவியலைக் கூலி கொடுத்து அப்புறப்படுத்தினார்கள். அந்தத் தொகை 1997இல்தான் திரும்பக் கொடுக்கப்பட்டது, வட்டியில்லாமல். வட்டியையும் சேர்த்து ஈடுசெய்ய 2007 வரை ஆனது.

அபர்ஃபானுக்குப் பிறகு 1969இல் சுரங்கக் குவியல்களுக்குத் தனிச் சட்டம் வந்தது. பாழ்நிலத்தை மீட்க அரசுப் பணம் வந்தது. பக்கத்துப் பள்ளத்தாக்கில், அபர்டேர் ஊருக்கு மேலே நிலக்கரிக் கழிவு மூடிக்கிடந்த நிலத்தை மீட்டு 1973இல் டேர் பள்ளத்தாக்குக் கண்ட்ரி பார்க்கைத் திறந்தார்கள். இன்று அந்தப் பச்சையைப் பார்க்கிறவனுக்கு அது இயற்கை மாதிரித் தெரியும். அதற்குள்ளே ஒரு மூட்டைச் சேறு இருக்கிறது.

பெரியவர் கேட்டதற்கு நான் தபாலில் எழுதிய பதிலில் இதைத்தான் சொன்னேன். சுண்ணாம்பு, மண், வடிகால் என்று கடைசிப் பத்தியில் எழுதினேன்.

இப்போது நம் ஊரில் என்ன நடக்கிறது? மூடிய பிறகு தங்கவயல் பிள்ளைகள் விடியற்காலையில் மாரிகுப்பத்தில் ரயில் ஏறி நூறு கிலோமீட்டர் தள்ளிப் பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு இருட்டில் திரும்புகிறார்கள். அந்த ரயில்தான் இன்று அந்த ஊரின் ஷிப்டு சங்கு. லைன் வீடுகளில் மூன்று நான்கு தலைமுறையாக இருப்பவர்கள் பட்டா கேட்டு மனு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். 2024இல் அந்த மேடுகள் மறுபடியும் செய்தியில் வந்தன. தங்கம் விலை ஏறிவிட்டது அல்லவா, குப்பையில் மிச்சமிருக்கிற தங்கத்தை எடுக்கலாம் என்று 13 மேடுகளையும் தோண்டும் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை இசைவு கொடுத்தது. மேட்டைக் கிளறினால் தூசி எந்தப் பக்கம் போகும், அங்கே யாருக்கு வேலை, எடுத்த பிறகு மிஞ்சும் மாவை எங்கே கொட்டுவார்கள், இவை எல்லாம் தங்கத்தின் அளவைப்போலக் கணக்கிட்டுச் சொல்லப்பட வேண்டியவை. தங்கவயல் இளைஞர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். சென்னையிலும் வேலூரிலும் இருக்கிற நாம் அவர்களோடு சேர்ந்து கேட்க வேண்டாமா? மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் என்பதால் தமிழ்நாட்டுக் கட்சிகள் பேசாது. தமிழர்கள் என்பதால் அந்த மாநிலக் கட்சிகளுக்கு அக்கறை கம்மி. தலித்துகள் என்பதால் இரண்டு பக்கமும் வசதி.

தோண்டி முடித்த பிறகு ஒருநாள் யாராவது ஒரு அதிகாரி, "இங்கே ஒரு பூங்கா போடலாம்" என்பார். இது என் கற்பனை என்று தள்ளிவிடாதீர்கள். நாக்பூருக்குப் பக்கத்தில் சாவ்னேரில் நிலக்கரி நிறுவனம் ஏற்கெனவே ஒரு எக்கோ பார்க் நடத்துகிறது. சுற்றுலா வருகிறவர்களுக்குச் சுரங்கத்தையும் சுற்றிக் காட்டுகிறார்கள். நிறுவனங்களுக்குப் பூங்கா பிடிக்கும். கொஞ்சம் புல், ஒரு ஊஞ்சல், ஒரு பழைய டிராலிக்குப் பெயிண்ட் அடித்து நிறுத்தினால் கணக்கு முடிந்தது.

நான் பூங்காவுக்கு எதிரி இல்லை. கிட் ஹில்லில் உட்கார்ந்திருந்த அந்தப் பிற்பகல் எனக்குப் பிடித்திருந்தது, மறைப்பானேன். தங்கவயல் பிள்ளைகளுக்கும் ஓடி விளையாட ஒரு பச்சைச் சரிவு வேண்டும். தூசி அடங்குவதற்கும் அதுதான் வழி. மேட்டுக்கு மண் போர்த்திப் புல் பிடிக்கவைப்பதை மருத்துவமனை கட்டுவதைப்போல அவசரமான பொதுச் சுகாதார வேலையாகக் கேட்க வேண்டும். ஆனால் வரிசை முக்கியம். முதலில் நுரையீரல் பரிசோதனை, ஓய்வுபெற்றவர்களுக்கும் லைன் வீட்டில் இருக்கிற பெண்களுக்கும் குழந்தைகளுக்கும். வீட்டுக்குப் பட்டா. கிணற்றுத் தண்ணீருக்குச் சோதனை, முடிவு ஊர்ச் சுவரில் ஒட்டப்பட வேண்டும், தமிழிலும் கன்னடத்திலும். பிறகு மேடு. மேட்டு வேலையில் ஊர்க்காரர்களுக்குக் கூலி.

பலகையில் என்ன எழுதுவது என்பதையும் இப்போதே பேசிவைக்கச் சொல்கிறேன். கார்ன்வாலில் எஞ்சினுக்குப் பெயர் உண்டு, சுரங்கத்துக்குப் பெயர் உண்டு, முதலாளிக்குப் பெயர் உண்டு. கல் உடைத்த பெண்களை அவர்களே சமீப காலத்தில்தான் தேடிப் பெயர் கண்டுபிடிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். நம்மிடம் பழைய 'தமிழன்' இதழ்கள் இருக்கின்றன. சந்தா அனுப்பியவர், நன்கொடை கொடுத்தவர், கூட்டத்தில் பேசியவர் என்று ஊர்ப் பெயரோடு ஆட்பெயர் அச்சாகியிருக்கிறது. மாரிகுப்பம், உரிகம், சாம்பியன் ரீஃப். மாணவர்கள் நாலு பேர் சேர்ந்தால் ஒரு கோடை விடுமுறையில் அந்தப் பெயர்களைத் தனிப் பட்டியலாக எழுதி எடுத்துவிடலாம். இந்த மன்றம் அதற்குப் போக்குவரத்துச் செலவு கொடுக்கும் என்று செயலாளரைக் கேட்காமலே அறிவிக்கிறேன். சிரிக்கிறார், அதனால் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

பட்டியல் எடுக்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் மேடைக்கு இடதுபுறம் பெயர் கொடுங்கள். மாரிகுப்பம் போவதானால் ஆடிக்கு முன்னால் போய்விடுங்கள். போகும்போது மூக்கைக் கட்ட ஒரு துண்டு எடுத்துப்போங்கள். பெரியவர் திண்ணையில்தான் இருப்பார்.